இணையவழிச் சூதாட்டக் கணக்குகளும் ஆள் அடையாளச் சோதனையும்

பம்பாய் நகரில் 1960-களில் 'மட்கா' என்னும் எண் சூதாட்டம் மிகுதியாகப் பரவியிருந்தது. அதற்கு முன்னர், நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தொலை அச்சு மூலம் பம்பாய்க்கு வந்து சேர, அவ்விலைகளின் மேல் பந்தயம் கட்டுவது வழக்கமாக இருந்தது. அந்த விலைச் செய்தி நின்றுபோகவே, 1962-ல் கல்யாண்ஜி பகத் என்பவரும், 1964-ல் ரத்தன் கத்ரி என்பவரும் எண்களைச் சீட்டிலெழுதிக் குலுக்கியெடுக்கும் முறையைத் தொடங்கினர். மட்கா என்ற சொல்லுக்கு மண்பானை என்பதே பொருள். இந்த ஆட்டத்தில் ஆடுபவனிடம் இருந்த அத்தாட்சி ஒரு சிறு துண்டுச் சீட்டு மட்டுமே. சீட்டு எவன் கையில் இருந்ததோ அவன் பணம் பெற்றான். அவனுடைய பெயரோ, வயதோ, விலாசமோ தேவைப்படவில்லை.

இக்காலத்தில் கைப்பேசித் திரையில் நடைபெறும் காசினோ ஆட்டங்களின் நிலை வேறு. பணம் கைமாறுவது வங்கிகளின் வழியே. வங்கிக் கணக்கோ ஒரு பெயரில் இருந்தாக வேண்டும். ஆகையால், 'நீ யார்?' என்ற வினா ஆட்டத்தின் எந்தக் கட்டத்திலாவது எழுந்தே தீரும். அவ்வினாவிற்கு விடை காணும் முறையே ஆள் அடையாளச் சோதனை. வங்கிகளில் இதனைக் கே.ஒய்.சி. என்ற மூன்று எழுத்துகளால் வழங்குகின்றனர். தாராவியிலும் செம்பூரிலும் அம்மூன்றெழுத்தை அறியாத குடும்பம் அரிது. அது எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்த குடும்பம் அதனினும் அரிது.

சட்டத்தின் நிலையை முதலில் சுருக்கமாகக் கூறிவிடலாம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களில் ஆடுபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் மத்திய அரசின் விதிகள் கூறின. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் வெளியான ஒழுங்குமுறைகள் ஆதார் வழிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டத்திற்குள் நுழைவதையும் தடுத்தன. அவை செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3 அன்று தீர்ப்பளித்தது. அதன் பின்னர், 2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மத்தியச் சட்டம், திறமை ஆட்டம், அதிருஷ்ட ஆட்டம் என்ற பாகுபாடின்றி, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் அதில் விதிக்கப்பட்டுள்ளன. ஆடுபவரைத் தண்டிக்கும் பிரிவு அதில் இல்லை. மகாராஷ்டிரத்திலோ, 1976-ல் இயற்றப்பட்டு ஒருநாளும் நடைமுறைக்கு வராத காசினோச் சட்டம் 2023-ல் நீக்கப்பட்டது.

தடை வந்துவிட்டதால் இந்தச் சோதனையைப் பற்றி இனி அறிய வேண்டியதில்லை என்று கருதுவதற்கில்லை. அயல்நாட்டிலிருந்து நடத்தப்படும் தளங்கள் சட்டத்திற்குப் புறம்பாக இந்நாட்டில் ஆள் சேர்க்கின்றன. அவை உள்நாட்டு வங்கிக் கணக்குகளைத் தேடுகின்றன. மேலும், சூதாட்டத் தளம் பயன்படுத்தும் அதே சோதனைகளையே வங்கியும், கைப்பேசி விற்பனையாளரும், கடன் கொடுக்கும் நிறுவனமும் பயன்படுத்துகின்றனர். ஓரிடத்தில் ஏமாந்தவரின் அடையாளம் மற்றோரிடத்தில் விலைபோகும்.

அடையாளச் சோதனை ஒரே சோதனை என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது நான்கு தனித்தனி வினாக்களின் கோவை. கொடுக்கப்பட்ட எண் பிழையின்றி எழுதப்பட்டுள்ளதா? அந்தப் பத்திரம் உரிய அலுவலகம் வழங்கியதுதானா? அதைக் காட்டுபவர் அதற்கு உரியவர்தாமா? அவர் தமக்காகத்தான் கணக்குத் தொடங்குகிறாரா, வேறொருவருக்காகவா? யந்திரங்கள் முதல் வினாவிற்கு மிக நன்றாகவும், இரண்டாவதற்கு நன்றாகவும், மூன்றாவதற்கு ஓரளவும் விடை கூறுகின்றன. நான்காவது வினாவே மிகப் பெரியது. அதற்கு விடை கூறும் யந்திரம் கணக்குத் தொடங்கும் மேசையில் இல்லை.

எண்ணைச் சோதிக்கும் இலக்கம்

நீண்ட எண்ணை ஒருவர் பார்த்து எழுதும்போது இரு வகைப் பிழைகள் பெரும்பாலும் நேர்கின்றன. ஓர் இலக்கத்திற்குப் பதில் மற்றோர் இலக்கத்தை எழுதிவிடுதல் ஒன்று. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதுதல் மற்றொன்று. இவற்றைக் கண்டுபிடிக்க எண்ணின் இறுதியில் ஒரு சோதனை இலக்கம் சேர்க்கப்படுகிறது. கடவுச்சீட்டில் கையாளப்படும் முறை எளியது. நடுநிலைப் பள்ளி மாணவரும் செய்து பார்க்கலாம்.

1985-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் பிறந்தவரின் பிறந்த தேதி கடவுச்சீட்டின் அடிவரியில் 850615 என்று எழுதப்படும். இவ்விலக்கங்களை முறையே 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்க வேண்டும். 56, 15, 0, 42, 3, 5 என்பவை கிடைக்கும். இவற்றின் கூட்டுத்தொகை 121. பத்தால் வகுத்த மீதி 1. இதுவே சோதனை இலக்கம். எழுதுபவர் முதலிரண்டு இலக்கங்களை மாற்றி 580615 என்று எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 109 ஆகி, மீதி 9 வரும். யந்திரம் உடனே பிழையைக் காட்டிவிடும்.

ஆனால் இரண்டாம் மூன்றாம் இலக்கங்களான 5-ஐயும் 0-ஐயும் இடம் மாற்றிப் பார்க்க. எண் 805615 ஆகிறது, கூட்டுத்தொகை 111, மீதி மறுபடியும் 1. பிழை தப்பிவிட்டது. (தேதியாக இருப்பதால் 56-ஆவது மாதம் இல்லை என்று யந்திரம் வேறு வழியில் கண்டுகொள்ளும், கணக்கு எண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.) இதற்குக் காரணம் உண்டு. ஓர் இலக்கம் மாறினால் தவறாது கண்டுபிடிக்க வேண்டுமாயின் பெருக்கும் எண்கள் ஒற்றைப்படையாக இருத்தல் வேண்டும். இரண்டு ஒற்றைப்படை எண்களின் வித்தியாசம் எப்பொழுதும் இரட்டைப்படை. ஆகவே, தம்முள் ஐந்து வித்தியாசமுள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறும்போது கூட்டுத்தொகை பத்தின் மடங்காகவே மாறும், மீதி மாறாது. பெருக்கிக் கூட்டி, பத்தால் வகுத்து மீதி காணும் எந்த முறையாலும் இக்குறையை நீக்க இயலாது. வங்கி அட்டைகளின் எண்களில் கையாளப்படும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1960-ல் பெற்றார். அவர் இலக்கத்தை இரட்டித்து வேறு விதமாகக் கூட்டியதால் அக்குறை மிகவும் சுருங்கிற்று. எனினும் 0-வும் 9-ம் இடம் மாறினால் அவர் முறையும் அறியாது.

இக்குறையை முற்றிலும் நீக்கியவர் ஜேக்கபஸ் வெர்ஹூஃப் என்னும் டச்சுக் கணித அறிஞர். 1969-ல் அவர் வெளியிட்ட முறை ஐங்கோணத்தின் அசைவுகளை அடிப்படையாகக் கொண்டது. தடித்த அட்டையில் சம பக்கங்களும் சம கோணங்களும் உள்ள ஓர் ஐங்கோணத்தை வெட்டி, மூலைகளுக்கு இருபுறமும் ஒரே எண்ணை இடுக. அட்டையை அதன் சட்டத்திலேயே மீண்டும் பொருந்துமாறு ஐந்து விதமாகச் சுழற்றலாம். ஐந்து விதமாகப் புரட்டலாம். ஆகப் பத்து அசைவுகள். அவையே பத்து இலக்கங்களுக்கு ஒப்பாகின்றன. முதலில் ஒரு படி சுழற்றிப் பின் புரட்டினால் ஒரு நிலையும், முதலில் புரட்டிப் பின் அதே திசையில் ஒரு படி சுழற்றினால் வேறொரு நிலையும் கிடைப்பதை வகுப்பிலேயே காட்டலாம். கூட்டலில் 3-ம் 8-ம் எந்த வரிசையில் வந்தாலும் 11 தான். ஐங்கோணத்தின் அசைவிலோ வரிசை மாறினால் முடிவும் மாறக்கூடும். வெர்ஹூஃப் இதனுடன், ஒவ்வோர் இலக்கத்தையும் அதன் இடத்திற்கேற்ப வேறோர் இலக்கமாக மாற்றும் ஓர் அட்டவணையையும் சேர்த்தார். இரண்டும் சேரவே, ஓர் இலக்கப் பிழையும் அடுத்தடுத்த இடமாற்றமும் ஒன்றுகூடத் தப்பாமல் அகப்படுகின்றன.

ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் இம்முறையால் கணிக்கப்படுவதே. மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் உள்ள தெம்ப்ளி என்னும் சிற்றூரில் 2010 செப்டம்பர் 29 அன்று முதல் ஆதார் எண் வழங்கப்பட்ட நாள்தொட்டு, கோடிக்கணக்கான மக்களின் எண்களை இந்த ஐங்கோணம் காத்து வருகிறது.

ஆயினும் அது காப்பது கைதவறுதலிலிருந்து மட்டுமே. வேண்டுமென்றே பொய்யெண் எழுதுபவன் இறுதி இலக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் பத்தில் ஒரு முறை சரியாக அமைந்துவிடும். கணக்கிட்டு எழுதினால் ஒவ்வொரு முறையும் சரியாக அமையும். திரையில் பச்சைக் குறி தோன்றியவுடன் 'சரிபார்த்தாயிற்று' என்று கொள்வோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

பத்திரம் உண்மையானதா என்ற இரண்டாவது வினாவிற்கு நவீன முறை நல்ல விடை தருகிறது. ஆதார் அட்டையில் அச்சிடப்பட்டுள்ள சதுரக் குறியீட்டில், பெயர், பிறந்த தேதி முதலிய விவரங்களுடன் வழங்கிய ஆணையத்தின் எண்முறைக் கையொப்பமும் அடங்கியுள்ளது. அக்கையொப்பத்தை இடும் இரகசியச் சாவி ஆணையத்திடம் மட்டுமே உண்டு. சரிபார்க்கும் சாவி எவரிடமும் இருக்கலாம். அட்டையின் மேல் உள்ள பெயரையும் படத்தையும் அச்சுக்காரர் எவரும் மாற்றிவிடலாம். குறியீட்டினுள் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது போகும். அட்டையைக் கண்ணால் மட்டும் பார்த்துப் படியெடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் பல கடைகளில் நீங்கவில்லை. அதனால் உண்மை விளங்குவதில்லை. படி ஒன்று பிறர் கையில் தங்குவதே அதன் பயன்.

மும்பைத் தமிழரின் பெயர்

மூன்றாவது வினாவை அணுகும்போது முதலில் எதிர்ப்படும் தடை பெயர். தாராவியில் தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மக்கள் வந்து குடியேறினர். மாட்டுங்காவிலும் பின்னர் செம்பூரிலும் அலுவலக வேலைக்கு வந்த தமிழர் பெருகினர். எவர் எந்தத் தெருவில் வாழ்ந்தாலும், இவர்களின் பெயர் ஊரில் தமிழிலும், குடும்ப அட்டையில் மராத்தியிலும், வங்கியில் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டு வந்துள்ளது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஓர் எழுத்து தேய்ந்தோ வளர்ந்தோ போயிற்று.

மகாராஷ்டிர வழக்கில் ஒருவர் பெயர் மூன்று உறுப்புகளைக் கொண்டது: தம் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர். தமிழர் வழக்கில் தலைப்பெழுத்தும் பெயருமே உண்டு. குடும்பப் பெயர் இல்லை. விண்ணப்பத்தாளின் மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று அறியாமல் சிலர் தந்தை பெயரையும், சிலர் ஊர்ப் பெயரையும், சிலர் ஒரு புள்ளியையும் இட்டு வந்தனர். மாரிமுத்துவின் மகள் செல்வி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் மா. செல்வி, வருமான வரி அட்டையில் செல்வி மாரிமுத்து, முருகேசனை மணந்தபின் எடுத்த ஆதாரில் செல்வி முருகேசன். மூவரும் ஒருவரே என்பதைத் தெருவே அறியும். யந்திரம் அறியாது.

வருமான வரித் துறையின் பான் எண் பத்துக் குறிகளைக் கொண்டது. முதல் ஐந்து எழுத்துகள், அடுத்த நான்கு இலக்கங்கள், இறுதியில் ஓர் எழுத்து. நான்காவது எழுத்து வைத்திருப்பவரின் வகையைக் குறிக்கும். தனி மனிதராயின் அது ஆங்கிலப் 'பி'. ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து. குடும்பப் பெயரே இல்லாத செல்விக்கு, மாரிமுத்து என்ற பெயர் அவ்விடத்தில் அமர்ந்ததால் ஐந்தாவது எழுத்து 'எம்' ஆயிற்று. தம் ஒரே பெயரை அங்கு எழுதியிருந்தால் 'எஸ்' ஆகியிருக்கும். விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை மட்டும் எழுதவும் இயலாது. விரித்தே எழுத வேண்டும். ஆக, மா. என்று ஓரெழுத்தாய் நின்ற தந்தை, மகளின் பெயரில் சரிபாதியாய் வந்து நின்றுவிடுகிறார்.

இரண்டு பெயர்கள் ஒன்றுதாமா என்று காண யந்திரங்களுக்கு இரு வழிகள் கற்பிக்கப்பட்டுள்ளன. சோவியத்துக் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-ல் வகுத்த முறை ஒன்று. ஒரு சொல்லை மற்றொன்றாக ஆக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவதே அது. எழிலரசி என்ற பெயரின் ழகரத்தை ஒருவர் 'இசட் எச்' என்றும், மற்றொருவர் 'எல்' என்றும் ஆங்கிலத்தில் எழுதினால் வேற்றுமை இரண்டு. நீண்ட பெயருக்கு இரண்டு சிறிதே; 'மணி' என்ற நான்கு ஆங்கில எழுத்துப் பெயருக்கு இரண்டு என்பது பாதிப் பெயர். மற்ற வழி, அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-ல் காப்புரிமை பெற்ற ஒலிக்குறி முறை. அது முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்வரும் மெய்யெழுத்துகளை ஒலியினத்திற்கேற்ப எண்களாக்கும். சங்கர் என்ற பெயரை 'எஸ்' என்றோ 'எஸ் எச்' என்றோ தொடங்கினாலும் ஒரே குறியே வருகிறது. இம்முறைக்கு அது வெற்றி. ஞானம் என்ற பெயரையோ சிலர் 'ஜி' என்றும் சிலர் 'என்' என்றும் தொடங்குவர். முதலெழுத்து வேறானதால் குறியும் வேறாகிறது, ஞானம் இருவராகிவிடுகிறார். ஆங்கிலக் காதுக்கென்று அமைந்த முறை தமிழ்ப் பெயரைக் கேட்டுத் திகைப்பதில் வியப்பில்லை.

பெயருக்கு அடுத்தபடி உடற்குறி. கைரேகை, கருவிழி, முகம் ஆகியவை ஒப்பிடப்படுகின்றன. தோலிலும், களிமண்ணிலும், கழிவுப் பொருள்களைப் பிரிப்பதிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்த விரல்களில் ரேகைகள் தேய்ந்துபோவதைத் தாராவியில் பணிபுரியும் அலுவலர் நன்கறிவர். முகத்தை ஒப்பிடும் யந்திரம் கண் சிமிட்டுமாறும் தலை திருப்புமாறும் கேட்பது, புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றுவதைத் தடுப்பதற்காக. முகத்தைக் கணினியாலேயே அசையச் செய்யும் வித்தை பெருகியபின் இச்சோதனைக்கும் நெருக்கடி வந்துள்ளது.

யந்திரம் இரண்டு விதமாகத் தவறக்கூடும்: பொய்யரை ஏற்றல், மெய்யரை மறுத்தல். ஒன்றைக் குறைக்க முற்பட்டால் மற்றது கூடும். ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். பதினாயிரம் பேர் விண்ணப்பிக்கின்றனர். அவர்களுள் நூறு பேர் பொய்யர். யந்திரம் பொய்யருள் நூற்றுக்கு 95 பேரைப் பிடிக்கிறது. மெய்யருள் நூற்றுக்கு இருவரை மட்டும் தவறாக மறுக்கிறது. மிகச் சிறந்த யந்திரம் என்றே தோன்றும். மறுக்கப்பட்டோரை எண்ணிப் பார்த்தால், பொய்யர் 95 பேர்; மெய்யர் 9,900 பேரில் 198 பேர். மறுக்கப்பட்ட 293 பேரில் மூன்றில் இரு பங்கினர் குற்றமற்றவர். பெயரும் விரலும் யந்திரத்திற்குப் பொருந்தாதவரே இந்த 198 பேரில் மிகுதியாக இருப்பர் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே, 'யந்திரம் மறுத்துவிட்டது' என்று ஒருவர் வந்து கூறினால் அவரை ஐயுறுவதற்கு அது போதிய காரணமாகாது.

கடன்பட்ட பெயர்

நான்காவது வினாவிற்கு வருவோம். 2023 நவம்பரில், குர்லா நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து, மாட்டுங்கா காவல் நிலையத்தில் 'மகாதேவ்' என்னும் இணையப் பந்தயச் செயலி பற்றிய வழக்கு ஒன்று பதிவாயிற்று. 32 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. மக்கள் இழந்த தொகை சுமார் 15,000 கோடி ரூபாய் என்று புகாரில் கூறப்பட்டிருந்தது. அதே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு அச்செயலி உட்பட 22 சட்டவிரோதத் தளங்களை முடக்கியது. அதற்கு முன்பே, 2023 செப்டம்பரில், அமலாக்கத் துறை இவ்விவகாரத்தில் 417 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துக்களை முடக்கியிருந்தது.

அமலாக்கத் துறை விவரித்த அமைப்பு கவனிக்கத் தக்கது. தலைமை இடம் அயல்நாட்டில், உள்நாட்டில் கிளைகள். இலாபம் 70-க்கு 30 என்ற விகிதத்தில் பங்கிடப்பட்டது. ஆடுபவருக்குப் புனைபெயர்க் கணக்கு தரப்பட்டது. பணம் பினாமி வங்கிக் கணக்குகளின் பல அடுக்கு வலையின் ஊடே சென்று மறைந்தது. இங்கே பந்தயம் வைக்கும் மேசையில் நடைபெறாத அடையாளச் சோதனை, வங்கி மேசையில் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது என்பதை நோக்குக. எண் சரி, பத்திரம் உண்மை, ஆள் உரியவர். ஆயினும் கணக்கை இயக்கிய கை வேறு. முதல் மூன்று சோதனைகளும் எவ்வளவு கூர்மையடைகின்றனவோ, அவற்றில் தேறிய உண்மையான பெயருக்குச் சூதாட்டச் சந்தையில் அவ்வளவு விலை ஏறுகிறது. போலிப் பத்திரம் செய்வது கடினமாகவே, மெய்ப் பத்திரத்தை வாடகைக்குப் பெறுவது இலாபமாகிறது.

இத்தகைய கணக்கை வங்கியினர் 'மியூல்' கணக்கு என்பர். பிறர் சுமையைச் சுமக்கும் கோவேறு கழுதை என்று பொருள். வாடகைக் கணக்கு என்று கூறினால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். பேச்சு வழக்கமாக ஒரே விதமாகத்தான் தொடங்குகிறது. 'உன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கு; பாஸ் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் சிம் அட்டையும் என்னிடம் இருக்கட்டும். மாதம் இவ்வளவு தருகிறேன்' என்பர். மாணவரிடம் பகுதிநேர வேலை என்றும், வேலை தேடுபவரிடம் சம்பளக் கணக்கு என்றும், வீட்டுப் பெண்களிடம் அரசாங்க உதவித் திட்டம் என்றும் அதுவே வேடம் மாறும். பணம் ஒருபுறம் வந்து சில நிமிடங்களில் மறுபுறம் சென்றுவிடும். மோசடி வெளிப்படும் நாளில் காவல் துறையின் முதல் கடிதம் எந்தப் பெயர் வங்கியேட்டில் உள்ளதோ அந்தப் பெயருக்கே வரும். கணக்கு முடக்கப்படும், அதே கணக்கில் சம்பளமோ, உதவித்தொகையோ, எரிவாயு மானியமோ வந்துகொண்டிருந்தால் அதுவும் உடன் நிற்கும். 'நான் எழுத்தறியாதவன், அட்டையைக் கொடுத்தேன்' என்ற விடை உண்மையாகவே இருந்தாலும் அதை நிலைநாட்டுவது எளிதன்று; ஒப்புதல் எண் அவர் கைப்பேசிக்கு வந்து, அங்கிருந்தே சென்றுள்ளது என்று ஏடு கூறும். கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண் நிரூபிப்பது, அந்த சிம் அட்டை எவர் கையிலோ இருந்தது என்பதை மட்டும்தான். ஏடு அதனை அவருடைய சம்மதம் என்று படிக்கிறது.

இதனை உணர்ந்தே ரிசர்வ் வங்கி சில வரம்புகளை விதித்தது. ஆள் நேரில் வராமல் ஒருமுறை எண்ணால் மட்டும் தொடங்கப்படும் கணக்குகளில் மொத்த இருப்பு ஒரு லட்சம் ரூபாய்க்கும், ஓராண்டு வரவு இரண்டு லட்சம் ரூபாய்க்கும் மேற்படலாகாது என்பது அவற்றுள் ஒன்று. 2020 ஜனவரியில் ஒளிப்பட அழைப்பு வழிச் சோதனை அனுமதிக்கப்பட்டபோது, வங்கி அலுவலர் ஒருவர் நேருக்கு நேர் வினவ வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. 2024 டிசம்பரில் 'மியூல் ஹன்டர்' என்னும் கணினி முறை அறிவிக்கப்பட்டது. பெங்களூரில் உள்ள ரிசர்வ் வங்கிப் புத்தாக்க மையம் உருவாக்கிய அது, கணக்கு தொடங்கப்பட்ட பின்னர் அதில் பணம் வந்து செல்லும் போக்கை ஆராய்கிறது. இதுவே நான்காவது வினாவை நேரடியாகத் தொடும் முயற்சி. அது பெயரையோ முகத்தையோ கேட்பதில்லை, நடத்தையைப் பார்க்கிறது. தையற்கூடத்தில் கூலி பெறும் ஒருவரின் கணக்கில் நள்ளிரவில் பல ஊர்களிலிருந்து பணம் குவிந்து விடியுமுன் காலியானால், அது கூலியாகாது என்று அறிவதற்கு ஆதார் தேவையில்லை.

சூதாட்டத் தளமே அடையாளம் கேட்கும் சந்தர்ப்பமும் உண்டு. பெரும்பாலும் பணம் செலுத்தும்போது கேளாமல், வென்ற பணத்தை எடுக்க முயலும்போதே கேட்பர். பிரிட்டனில் இந்தத் தந்திரம் பெருகிய காரணத்தால், பெயர், விலாசம், பிறந்த தேதி ஆகியவற்றை ஆட்டத்திற்கு முன்னரே சரிபார்த்தாக வேண்டும் என்று அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2019 மே 7 முதல் விதித்தது. தடை செய்யப்பட்ட தளத்திற்கு அவ்விதியும் இல்லை, கண்காணிப்பும் இல்லை. ஆதார் அட்டையைக் கையில் பிடித்தபடி எடுத்த புகைப்படத்தை அத்தகைய தளத்திற்கு அனுப்புபவர், தம் பெயரில் வேறிடத்தில் கணக்கோ கடனோ தொடங்குவதற்கான முழுச் சாதனத்தையும் அனுப்பிவிடுகிறார்.

களப்பணியாளரும் ஆசிரியரும் கூட்டங்களில் செய்துகாட்டத் தக்கவை சில உள. ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்புப் படியை ஆணையத்தின் இணையதளத்திலிருந்து பெறலாம். முழுப் படி கேட்கும் கடைக்காரரிடம் முதலில் அதைக் கொடுத்துப் பார்க்கலாம். உடற்குறியைப் பூட்டி வைக்கவும், கடந்த ஆறு மாதங்களில் தம் ஆதார் எங்கெங்கே பயன்பட்டது என்று காணவும் வசதி உண்டு. ஒருவர் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளம் காட்டும். தாம் வாங்காத இணைப்பு காணப்பட்டால் அங்கேயே தெரிவிக்கலாம். இவற்றைச் சொல்லிக்கொண்டே போவதைவிட, வந்திருப்போரில் விருப்பமுள்ள ஒருவரின் கைப்பேசியிலேயே செய்து காட்டுவது பயன் தரும். அவர் பெயரில் அவர் அறியாத ஓர் இணைப்பு தோன்றுமாயின் மற்றவர் தாமாகவே முன்வருவர்.

பெயர் வேறுபாட்டைத் திருத்துவதில் ஒரு முறைமை வேண்டும். முதலில் எந்தப் பத்திரம் மற்றவற்றிற்கு ஆதாரமாக இருக்கிறதோ, பெரும்பாலும் பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றோ, அதிலுள்ள ஆங்கில எழுத்துகளைத் தாளில் எழுதிக்கொண்டு, ஆதாரை அதற்கேற்பவும், பானை ஆதாருக்கேற்பவும், வங்கிக் கணக்கைப் பானுக்கேற்பவும் வரிசையாகத் திருத்துவது நலம். பத்தாம் வகுப்பு மாணவரின் பெயர்ப் பட்டியலை அனுப்பும் முன்னர் ஆசிரியர் அரைமணி நேரம் செலவிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் ஆதாருடன் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால், பின்னாளில் அப்பிள்ளை பல அலுவலகங்களுக்கு அலைவது மிச்சமாகும்.

கணக்கை ஏற்கெனவே பிறரிடம் கொடுத்துவிட்டவர் வந்து கேட்டால், அவரைக் கடிந்துகொள்வதால் காலம்தான் வீணாகும். அன்றே வங்கிக் கிளைக்குச் சென்று எழுத்து மூலமாகத் தெரிவித்து, அட்டையையும் இணையச் சேவையையும் நிறுத்தச் செய்து, மனுவின் படியில் கிளையின் முத்திரையும் தேதியும் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். சிம் அட்டையும் கைமாறியிருந்தால் அதே எண்ணுக்கு மாற்று சிம் பெற வேண்டும். பணமிழந்தவராயின் 1930 என்ற தொலைபேசி எண்ணில் உடனே முறையிட வேண்டும். பணம் அடுத்த கணக்கிற்குத் தாவுமுன் தடுத்து நிறுத்துவதே அந்த எண்ணின் நோக்கமாதலால், முதல் சில மணி நேரம் மிக முக்கியமானது. முறையீட்டு எண், பேசிய நேரம், பணம் சென்ற கணக்கு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு காவல் நிலையத்திற்குச் சென்றால், அங்கே அவர் கூற வேண்டியவற்றில் பாதி அத்தாளிலேயே இருக்கும்.